ரெபெக்கா பிரையன் பூன்: குடும்ப வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கென்டக்கியில் முதலில் குடியேறிய வெள்ளையர்களுள் பெயர் பெற்ற டேனியல் பூனின் மனைவி ரெபெக்கா. 1739இல் வர்ஜீனியாவில் பிறந்தார். 1756 ஆகஸ்ட் 14 அன்று வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கில் திருமணம். பத்துப் பிள்ளைகள். 1813 மார்ச் 18 அன்று மிசூரியில் காலமானார். இதுவரை யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. இதற்குமேல் ஒரு வரி சேர்க்கப் போகும்போதுதான் சிக்கல்.

கணவர் இருந்த இடத்தில்தான் மனைவியும் இருந்திருப்பார் என்று எழுதிவிடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1778 பிப்ரவரியில் ஷானி என்ற பூர்வகுடி மக்கள் டேனியலைச் சிறைபிடித்தார்கள். அவர் இறந்துவிட்டதாக எண்ணிய ரெபெக்கா, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலை கடந்து வட கரோலினாவில் இருந்த தம் உறவினரிடம் போய்விட்டார். டேனியல் ஜூனில் தப்பி வந்தபோது, கென்டக்கியில் அவர்கள் குடியிருந்த பூன்ஸ்பரோ கோட்டையில் அவருடைய மனைவி மக்களுள் எஞ்சியிருந்தவர் மணமாகிவிட்ட மகள் ஜெமைமா மட்டும்தான். அந்தச் செப்டம்பரில் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது ரெபெக்கா அங்கே இல்லை. குடும்பம் மறுபடி கென்டக்கி திரும்பியது 1779இல். ஆகவே இருவருக்கும் தனித்தனிக் காலவரிசை போடுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே ரெபெக்கா இருந்த இடத்தையும் அதற்கான சான்றையும் எழுதுங்கள். சான்று இல்லாத ஆண்டை வெறுமையாக விடுவதே நேர்மை.

அடுத்தது உறவுமுறைக் குழப்பம். பூன், பிரையன் குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. டேனியலின் சகோதரி மேரி மணந்தது வில்லியம் பிரையனை. அவர் ரெபெக்காவின் தந்தை ஜோசப்பின் தம்பி. அதாவது மேரி ரெபெக்காவுக்கு நாத்தனார், அதே நேரம் சித்தி. டேனியலின் தம்பி எட்வர்டு மணந்தது ரெபெக்காவின் உடன்பிறந்த மார்த்தாவை. எனவே மார்த்தா சகோதரியும் ஓரகத்தியும் ஆகிறார். ஆங்கில ஆவணத்தில் ‘சிஸ்டர்’ என்ற ஒரே சொல் உடன்பிறந்தாள், நாத்தனார், ஓரகத்தி மூவருக்கும் வரும். தமிழில் எழுதுகிறவருக்கு இவற்றைப் பிரித்துச் சொல்லச் சொல் இருக்கிறது. ஆனால் எந்த உறவு என்று உறுதி செய்யாமல் ‘அக்கா’ என்று எழுதிவிட்டால் பிழை இரட்டிப்பாகும். பெயர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. ரெபெக்காவின் ஒரு மகளுக்கும் ரெபெக்கா என்றே பெயர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரெபெக்காவைத் தேடுவது வீண் உழைப்பு. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். வீட்டிலுள்ள, அடிமைகள் அல்லாத எல்லாருடைய பெயரும் பதிவானது 1850 முதல்தான். போதாததற்கு, 1790இன் வர்ஜீனியா, கென்டக்கிப் பட்டியல்களும் எஞ்சவில்லை. தேட வேண்டிய இடம் நிலக் கிரயப் பத்திரங்கள். கணவர் இறந்தால் அவருடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுக்க அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்தது. ஆகவே அவர் அதை விட்டுக்கொடுத்தால்தான் வாங்குபவருக்கு வில்லங்கமில்லாத உரிமை கிடைக்கும். கணவர் அருகில் இல்லாதபோது தனியே விசாரித்து, மனமொப்பித்தான் சம்மதிக்கிறாரா என்று கேட்டுப் பதிவு செய்வது வழக்கம். அக்காலத்துப் பெண்களின் பெயரும் கைநாட்டும் இப்படிப்பட்ட பதிவுகளில்தான் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

ஆனால் பத்திரத்தை எந்தக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்தில் தேடுவது? இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடினால் கிடைக்காது. பூன்ஸ்பரோ 1776 முடியும்வரை வர்ஜீனியாவின் ஃபின்காசில் கவுண்டி. பிறகு கென்டக்கி கவுண்டி. 1780இல் அது மூன்றாகப் பிரிந்தது. கென்டக்கி மாநிலமானது 1792இல். எல்லை மாறினாலும் பழைய பதிவேடுகள் பெரும்பாலும் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். ரெபெக்கா ‘மிசூரி மாநிலம், வாரன் கவுண்டியில்’ இறந்தார் என்று எழுதுவதும் இதே பிழைதான். வாரன் கவுண்டி உருவானது 1833இல், மிசூரி மாநிலமானது 1821இல். 1799இல் குடும்பம் போய்ச் சேர்ந்தபோது அது ஸ்பெயினின் ஆட்சிப் பகுதி.

தேதிகளில் 1752ஐ மறக்காதீர்கள். அதற்கு முன் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. அந்த ஆண்டு நாள்காட்டி மாறியபோது 11 நாள்கள் கழிக்கப்பட்டன. டேனியலின் பிறந்த நாள் 1734 அக்டோபர் 22 என்றும் நவம்பர் 2 என்றும் காணப்படுவது இதனால்தான். இரண்டும் ஒரே நாள். ஏற்கெனவே மாற்றிய தேதியை மீண்டும் மாற்றிவிடாதீர்கள். 1752க்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரித் தேதிகளுக்கு இரட்டை ஆண்டு போடுங்கள்: 1738/39.

வாய்மொழிக் கதைகளில் கூடுதல் கவனம் தேவை. இரவு வேட்டையில் ரெபெக்காவின் கண்ணை மானின் கண் என்று நினைத்து டேனியல் குறிவைத்தார் என்பதும், ஜெமைமாவின் தந்தை டேனியல் அல்லர் என்பதும் கேட்டுச் சொன்னவை. கதை என்ற குறிப்போடு எழுதலாம், நிகழ்வாக எழுதக் கூடாது. வரலாற்றுச் சான்றுகளைத் திரட்டிய லைமன் டிரேப்பர் 1851இல் கடைசி மகன் நேத்தனைச் சந்தித்து எழுதிக்கொண்டவை அருமையான சான்றுதான். ஆனால் நேத்தன் பிறந்தது 1781இல். அதற்கு முந்தையவற்றை அவரும் பிறர் சொல்லிக் கேட்டவரே.

‘கென்டக்கி மண்ணை மிதித்த முதல் பெண்’ என்ற பட்டத்தை அடித்துவிடுங்கள். பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே பூர்வகுடிப் பெண்கள் வாழ்ந்திருக்கிறார்கள். வெள்ளையர் என்று மட்டும் பார்த்தாலும், ஷானி மக்களிடம் சிறைப்பட்ட மேரி இங்கிள்ஸ் 1755இலேயே அந்த வழியே வந்திருக்கிறார்.

கல்லறைக்கு வந்தால், மிசூரியின் மார்த்தாஸ்வில் அருகே ரெபெக்காவை அடக்கம் செய்தார்கள். அங்கே பெயர் பொறித்த கல் நட்டது 1830களின் நடுவில்தான். ஆகவே அந்தக் கல்லை அவர் இறந்த சமயத்திலேயே எழுதிய சான்றாகக் கொள்ள முடியாது. 1845இல் எலும்புகளைத் தோண்டியெடுத்துக் கென்டக்கியின் ஃபிராங்ஃபோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். குடும்ப அட்டவணையில் இறந்த இடம், முதல் அடக்கம், மறு அடக்கம் என மூன்று தனி வரிகள் வையுங்கள்.