கத்திரி வெயிலில் பன் மாவு பிசைகிறீர்களா?

மே மாதம் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் அடுப்படிச் சூடு 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பன் மாவுக்கு 24 முதல் 27 டிகிரி போதும். அதற்கு மேல் போனால் மாவு மளமளவென்று பொங்கும், ஆனால் ருசி சேராது. கள் வாடைதான் அடிக்கும்.

இந்தச் சூட்டுக்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட்தான் தோது. அதை நேராக மைதாவில் கலந்துவிடலாம். ஆக்டிவ் டிரை என்ற இன்னொரு வகை ஈஸ்ட் என்றால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் நுரைக்க விட வேண்டும், எதற்கு வம்பு? வழக்கமாகப் போடும் ஈஸ்டில் பாதி போடுங்கள். மாவில் நன்றாகக் கலந்த பிறகு ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பிசையுங்கள். ஐஸ் தண்ணீர் ஈஸ்ட் மேல் நேரடியாகப் பட்டால் அது சரியாக வேலை செய்யாது.

பாத்திரத்தின் மேல் ஈரத்துணி சுற்றினால் குளிரும் என்பார்கள். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், துணி சீக்கிரம் காயாது, அதனால் பெரிதாகக் குளிராது. தண்ணீர் நிரப்பிய அகலமான பேசினில் மாவுப் பாத்திரத்தை வைத்து, அவ்வப்போது ஐஸ் கட்டி போடுவது மேல்.

அவசரமில்லை என்றால் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, மூடி, ராத்திரி முழுக்க பிரிட்ஜில் வையுங்கள். கரண்ட் போகாமல் இருந்தால் இதுவே சுலபம், ருசியும் கூடும். அப்புறம், திறந்த ஈஸ்ட் பாக்கெட்டையும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு பிரீசரில் வைத்துவிடுங்கள்.