எல்லா '-ஆல்'களும் 'இஃப்' அல்ல

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் கையேடு எழுதுகிறவர்களைச் சறுக்க வைப்பது '-ஆல்' விகுதிதான். 'அச்சு முடிந்தால் தாளை எடுக்கவும்', 'தாள் சிக்கினால் மூடியைத் திறக்கவும்' என்று இரண்டுக்கும் ஒரே விகுதியில் வேலையை முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது நடக்காது. அச்சு எப்படியும் முடியப்போகிறது, அதற்கு 'வென்'. தாள் சிக்கலாம், சிக்காமலும் போகலாம், அதற்குத்தான் 'இஃப்'. இடம் மாற்றிப் போட்டால், இந்தப் பிரின்டர் வேலையை முடிக்குமா முடிக்காதா என்றே படிப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இதைவிட ஆபத்தானது, 'ஆமா இல்லையா' என்ற பொருள் தரும் 'வெதர்' வர வேண்டிய இடத்தில் 'இஃப்' வருவது. 'டெல் தி ஆப்பரேட்டர் இஃப் தி வால்வ் இஸ் ஓப்பன்' என்று ஒரு வரி. வால்வு திறந்திருந்தால் மட்டும் சொல் என்றும் படிக்கலாம். திறந்திருக்கிறதா இல்லையா என்று எப்படியும் சொல் என்றும் படிக்கலாம். வால்வு மூடியிருக்கிறது என்று வையுங்கள். முதல் விதமாகப் படித்தவர் பேசாமல் இருப்பார், ஆப்பரேட்டர் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருப்பார். எப்படியும் சொல்ல வேண்டும் என்றால் 'வெதர்' போடுங்கள். திறந்திருந்தால் மட்டும் போதும் என்றால் 'இஃப்' பகுதியைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வையுங்கள், குழப்பம் தீர்ந்தது.

நிபந்தனையை முன்னால் வைப்பது பொதுவாகவே நல்லது. கூகுளின் டெவலப்பர் ஆவண நடைக் கையேடும் அதைத்தான் சொல்கிறது. காரணம் எளிது: பட்டனை அழுத்து என்று படித்த கையோடு அழுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். 'சிவப்பு விளக்கு எரிந்தால்' என்பது அதற்கப்புறம் வந்து என்ன பயன்? தமிழ் வாக்கியத்தில் நிபந்தனை தானாகவே முன்னால் வந்துவிடும். இந்த ஒரு விஷயத்திலாவது நம் பழக்கம் நமக்குக் கைகொடுக்கிறது.

'இன் கேஸ்' நம் ஊர் ஆங்கிலத்தில் 'இஃப்' போலவே புழங்குகிறது. ஆனால் அதன் வழக்கமான பொருள் முன்னெச்சரிக்கை. மாற்று ஃப்யூஸ் கையில் வைத்திரு, 'இன் கேஸ்' பழையது போய்விட்டால் என்பது சரி. ஃப்யூஸை மாற்று, 'இன் கேஸ்' அது போய்விட்டால் என்று எழுதினால், நல்ல ஃப்யூஸையும் இப்போதே கழற்றச் சொன்னதாகிவிடும்.

'அன்டில்' வந்தால் அதன் பின்னால் 'நாட்' வேண்டாம். 'பச்சை விளக்கு எரியாத வரை திறக்காதே' என்ற நம் அமைப்பை அப்படியே பெயர்த்தால், விளக்கு அணையும் வரை திறக்காதே என்று பொருள் தலைகீழாகிவிடும்.

கடைசியாக, 'சர்வர் பழுதானால்' என்பதற்கு 'ஷுட் தி சர்வர் ஃபெயில்' என்று வாக்கியத்தைத் தொடங்கும் ஆடம்பரம். இணைய நெறிமுறைகளை எழுதுவதற்கு 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற வழிகாட்டி ஆவணம், 'ஷுட்' என்றால் பரிந்துரை, 'மஸ்ட்' என்றால் கட்டாயம் என்று வரையறுத்திருக்கிறது. அந்த முறையைப் பின்பற்றும் ஆவணத்தில் நிபந்தனைக்கும் 'ஷுட்' வேண்டாம், 'இஃப்' போதும்.