மூச்சு இளைப்பவர் வீட்டுக்கு உதவப் போகிறவர்களுக்கு

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். உள்ளே இறங்கிப் பாறை உடைத்தவர்களின் நுரையீரலில் படிந்த கல்தூசி இன்றும் அங்கேயே இருக்கிறது. டாக்டர்கள் இதை சிலிகோசிஸ் என்பார்கள். படிந்த தூசியை வெளியே எடுக்க மருந்து கிடையாது. இளைப்பு வருஷத்துக்கு வருஷம் கூடும், காசநோயும் சுலபமாகப் பிடிக்கும். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இப்படிக் கிடக்கும் பெரியவர்களைப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையை நாங்கள் சில பெண்கள் செய்கிறோம். நான் நர்ஸ் இல்லை, தையல்காரி. புதிதாக எங்களோடு வரும் பிள்ளைகளிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குப் பௌத்தம் புதிதல்ல. தமிழ் பௌத்த முன்னோடி அயோத்திதாசர் 1898-ல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இங்கே மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அதனால் பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் வினயபிடகம் என்ற நூலில் வரும் ஒரு கதை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். வயிற்றுப்போக்கு கண்ட ஒரு பிக்கு தன் மலத்திலும் மூத்திரத்திலுமே கிடக்கிறார். யாருக்கும் உதவாதவர் என்று மற்றவர்கள் அவரை விட்டுவிட்டார்கள். புத்தர் தன் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துக் கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மற்ற பிக்குகளைக் கூட்டி, எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். முதலில் தண்ணீர், பிறகு கட்டில், கடைசியில்தான் பேச்சு. நீங்களும் இந்த வரிசையிலேயே போங்கள்.

கிளம்பும் முன் பத்து நிமிஷம் உட்காருங்கள். இதை விட்டுவிட்டு ஓடாதீர்கள். கருணைக்குத் தூரத்துப் பகை, அதாவது நேர் எதிரானது, கொடுமை; பக்கத்துப் பகை, அதாவது கருணை போலவே தெரிந்து அதைக் கெடுப்பது, துயரம் என்று விசுத்திமார்க்கம் என்ற பௌத்த நூலில் புத்தகோசர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்துப் பகையை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். உதவ வந்தவர் கண்கலங்கி நிற்பார், மூச்சு விடவே முடியாத பெரியவர் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் முதலில் உங்களுக்கே மைத்ரி, அதாவது அன்பான நல்வாழ்த்து, சொல்லிக்கொள்ளுங்கள். 'நான் நலமாக இருக்க வேண்டும், இந்த உடம்பும் ஒருநாள் நோய்ப்படும்.' அப்புறம் பார்க்கப் போகிறவரை மனதில் நிறுத்தி, 'பெரியப்பாவின் வேதனை தணியட்டும்' என்று ஒவ்வொரு மூச்சை விடும்போதும் சொல்லுங்கள். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவர் என்று ஊரே பேசும் ஆளாகவும் இருக்கலாம். மனசு முரண்டு பிடித்தால் அந்த அம்மாவை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள், பிறகு அவரிடம் வாருங்கள்.

வீட்டுக்குள் போனதும் ஜன்னலைத் திறக்கலாமா என்று கேளுங்கள். காசநோய் இருந்தால் மாஸ்க் போடுங்கள். மூச்சு முட்டுகிறவரை மல்லாக்கப் படுக்கவிடாதீர்கள். உட்காரவைத்து, முன்னால் ஸ்டூலில் இரண்டு தலையணை அடுக்கி, கையை ஊன்றிச் சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள். டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே வையுங்கள். கன்னத்தில் காற்று பட்டாலே முட்டல் கொஞ்சம் குறையும். மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்லி, நீங்களும் கூடவே செய்யுங்கள். ஆமாம், இல்லை என்று தலையசைத்தே பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஐந்து தகுதிகள் வேண்டும் என்கிறது அதே வினயம். மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், எது ஒத்துக்கொள்ளும் எது ஆகாது என்று தெரிய வேண்டும், ஆதாயத்துக்காக இல்லாமல் அன்போடு செய்ய வேண்டும், மலம், மூத்திரம், எச்சில், வாந்திக்கு அருவருக்கக் கூடாது, அவ்வப்போது தம்மம், அதாவது புத்தரின் போதனை, பேசித் தேற்ற வேண்டும். நாலாவதுதான் எல்லாரையும் சோதிக்கும். சளிக் கிண்ணத்தைக் கழுவும்போது முகம் சுளித்தால் அவர் கண்டிப்பாகப் பார்த்துவிடுவார், அடுத்த முறை சளியைத் துப்பாமல் விழுங்குவார். ஐந்தாவதைப் பிரசங்கமாக்காதீர்கள். இங்கே பல வீடுகளில் இயேசு படம் இருக்கும், சில வீடுகளில் முருகன் இருப்பார். அவர்கள் கேட்கிற பாட்டைப் பாடுங்கள். 'எல்லாம் சரியாயிடும்' என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். அது பொய், பொய் சொல்வதில்லை என்பது நாம் ஏற்ற பஞ்சசீலத்தில் இருக்கிறது.

அந்த வீட்டு அம்மாவை மறந்துவிடாதீர்கள். ராத்திரி முழுக்கப் பெரியவரை நிமிர்த்தி உட்காரவைப்பது அந்த அம்மாதான். 'நான் பார்த்துக்கறேன்மா, நீங்க போய்ப் படுங்க' என்று சொல்லி, இரண்டு மணி நேரமாவது அங்கேயே இருங்கள். உங்களுக்காக டீ போட அவர் எழுந்தால் தடுங்கள்.

துக்கத்துக்குக் காரணம் உண்டு என்பது புத்தர் சொன்ன இரண்டாவது உண்மை. இங்கே காரணம் தூசி. அதைக் கேட்காமல் தலையணையை மட்டும் சரிசெய்துகொண்டிருந்தால் பாதி வேலைதான் செய்கிறோம். சுரங்க அடையாள அட்டை, பழைய எக்ஸ்ரே, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். சீட்டில் ஆஸ்துமா என்றோ டி.பி. என்றோ மட்டும் இருந்தால், எத்தனை வருஷம் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தார் என்று டாக்டரிடம் சொல்லி, அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இந்த நுரையீரல் நோயைத் தொழில்நோயாக ஏற்றிருந்தது. அவருக்கு இப்போது என்ன கேட்க முடியும் என்பதைத் தாலுகா இலவசச் சட்ட உதவிக் குழுவில் விசாரியுங்கள்.

கிளம்பும்போது அந்த வீட்டுப் பையன்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். பெங்களூரில் டைல், கிரானைட் வெட்டுகிறவர்களாக இருந்தால், அங்கே பறப்பதும் இதே தூசிதான். தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது, என்-95 மாஸ்க் வேண்டும். அதை வாங்கித் தரச்சொல்லி மேஸ்திரியிடம் கேட்கப் பையனுக்குத் தயக்கமாக இருந்தால், கூடப் போய் நீங்கள் கேளுங்கள்.