ரைபிள் தோட்டாவுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும்போது செய்யக் கூடாதவை

சொந்தமாகத் தோட்டா கட்டுகிறவர்கள் குண்டைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் யோசிப்பார்கள். உள்ளே போடும் வெடிமருந்து என்று வந்தால் மட்டும், கடையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். குண்டு சரியில்லை என்றால் குறி தப்பும், அவ்வளவுதான். மருந்து தப்பானால் துப்பாக்கியே நம் முகத்துக்கு முன்னால் உடையலாம். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது முப்பது, முப்பத்தைந்து பவுண்டுதான். கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு சுடுவது எவ்வளவு அழுத்தத்தை என்று இதிலேயே தெரியும்.

நான் அதிகம் பயப்படுவது டப்பாவில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து மருந்து வாங்கும் பழக்கத்துக்குத்தான். 4831 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய மருந்தை ஹாட்ஜ்டன் நிறுவனம் வாங்கி விற்றது. எச்4831 அப்படி வந்ததுதான். பல வருடம் கழித்து ஐஎம்ஆர் என்ற இன்னொரு பெயரில் ஐஎம்ஆர் 4831 சந்தைக்கு வந்தது. எண் ஒன்றுதான், மருந்து வேறு. ஐஎம்ஆர் கொஞ்சம் வேகமாக எரியும். இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் கரும்சாம்பல் நிறத்தில் பென்சில் முனைத் துண்டுகள் மாதிரி ஒன்றுபோலவே கிடக்கும். கண்ணால் பிரிக்கவே முடியாது. எச்4831-க்குக் கையேட்டில் எழுதிய உச்ச அளவில் மற்றதைப் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டிவிடும். 4895, 4350 ஆகிய எண்களிலும் இதே வம்பு உண்டு. ஆனால் எச்4831எஸ்சி என்பது எச்4831-ஐயே குட்டையாக வெட்டியது, அளவுகளும் அதே. ஆக, ஒரு எழுத்து கூடினால் சில நேரம் ஒன்றும் ஆகாது, சில நேரம் எல்லாமே மாறிவிடும். எது எப்படி என்று தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும், நாம் ஊகிக்கக் கூடாது.

அடுத்தது எரிவேகப் பட்டியல். வேகமான மருந்தில் தொடங்கி மெதுவானது வரை வரிசையாகப் போட்டிருப்பார்கள். அது வெறும் வரிசை. 80-ஆவது இடத்துக்கும் 81-ஆவது இடத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அதில் இருக்காது. மருந்து நிரப்பும் பித்தளைக் கூட்டின் கொள்ளளவும் குண்டின் எடையும் மாறினால் அந்த வரிசையே முன்பின்னாகும். பெரிய கூட்டுக்கும் கனமான குண்டுக்கும் மெதுவான மருந்து, சின்னக் கூட்டுக்கும் லேசான குண்டுக்கும் வேகமானது என்று தோராயமாகத் திசை காட்டுவதோடு பட்டியலின் வேலை முடிந்தது. என்னிடம் இந்த மருந்து இல்லை, பட்டியலில் பக்கத்தில் இருப்பதை அதே அளவில் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

சிக்கனமும் ஆளைக் கவிழ்க்கும். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். வேகமான கைத்துப்பாக்கி மருந்தைப் பத்து கிரெயின் மட்டும் போட்டு குறைந்த விசையுள்ள பயிற்சித் தோட்டா கட்டினால் 700 தோட்டா வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் .30-06 போன்ற பெரிய ரைபிள் கூட்டுக்குள் பத்து கிரெயின் என்பது அடியில் படிந்த கொஞ்சம் தூள். மேலே குண்டு உட்காரும் இடம் வரை காலி. கவனம் சிதறி அதே கூட்டில் இன்னொரு தடவை மருந்து விழுந்தாலும் வழியாது, இரட்டை அளவு போனதே தெரியாது. ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: கூட்டின் பெரும்பகுதியை நிரப்பும் மருந்தையே எடுங்கள். இரண்டாம் முறை ஊற்றினால் அது மேசையில் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். குறைந்த விசையில்தான் சுட வேண்டும் என்றால் எச்4895 இருக்கிறது. உச்ச அளவின் 60 சதவீதம் வரை இறங்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார். இந்தச் சலுகையை மற்ற மருந்துகளுக்கு நாமாகக் கொடுக்கக் கூடாது. குறிப்பாக, மிக மெதுவாக எரியும் மருந்தைத் தொடக்க அளவுக்கும் கீழே குறைத்தால், அழுத்தம் தாறுமாறாக ஏறித் துப்பாக்கி உடைந்ததாகப் பதிவுகள் உண்டு. குறைவு என்றால் பாதுகாப்பு என்ற கணக்கு இங்கே எடுபடாது.

வெயிலையும் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர்ந்த காலையில் உச்ச அளவு வரை ஏற்றிப் பார்த்து, எல்லாம் சரி என்று கட்டி வைத்த தோட்டாவைக் கொளுத்தும் மதியத்தில் சுட்டால் அழுத்தம் ஏறி, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட் இறுகிக்கொள்ளலாம். அப்புறம் உள்ளங்கையால் அடித்துத்தான் திறக்க வேண்டும். சூட்டில் அதிகம் மாறாதபடி செய்த மருந்துகள் கிடைக்கின்றன. வார்கெட், எச்4350 இரண்டும் அந்த வகை. எப்படியும், எந்தப் பருவத்தில் சுடப்போகிறோமோ அந்தச் சூட்டில்தான் சோதிக்க வேண்டும்.

சுடும்போது எழும் வாயுவாலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி என்றால் இன்னொரு கவலையும் சேரும். எம்1 காரண்ட் என்ற பழைய ராணுவ ரைபிளில் மிக மெதுவான மருந்தைப் போட்டால், உச்ச அழுத்தம் எல்லைக்குள் இருந்தாலும் குழலில் வாயுவைப் பிரித்தெடுக்கும் துளையை எட்டும்போது அழுத்தம் மிஞ்சி நிற்கும். அந்த வாயு தள்ளும் இயக்குத் தண்டு வளைந்துவிடலாம்.

நீளத் துண்டு மருந்து, மருந்தை அளந்து ஊற்றும் அளவுக் கருவியில் சிக்கிக்கொண்டு ஒரு முறை குறைவாகவும் அடுத்த முறை கூடவும் விழும். உருண்டை மருந்து தண்ணீர் மாதிரி இறங்கும். நீளத் துண்டுதான் வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துவிடுங்கள்.

பிரைமரையோ (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), குண்டையோ, கூட்டையோ, மருந்தின் தயாரிப்புத் தொகுதியையோ மாற்றினால் பழைய உச்ச அளவு செல்லாது. கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். தொடக்க அளவு கொடுக்காமல் உச்சத்தை மட்டும் போட்டிருந்தால், அதில் பத்து சதவீதம் குறைத்து ஆரம்பிப்பது வழக்கம். பிரைமர் தட்டையாகவில்லையே என்று தைரியமாக ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். அழுத்தம் எல்லை தாண்டிய பிறகும் பிரைமர் சாதுவாகத் தெரிவது உண்டு. குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியை நம்பலாம். அதே குண்டுக்கும் அதே நீளக் குழலுக்கும் கையேடு சொல்லும் வேகத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்றால், அழுத்தத்தையும் தாண்டிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மருந்து டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். நல்ல மருந்தில் லேசான கரைப்பான் வாசனை வரும். கெட்டதில் மூக்கை அரிக்கும் புளிப்பு நெடி அடிக்கும், செம்பழுப்புத் தூளும் படிந்திருக்கும். அதைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

ஒரு நாள் இரவு வேலையைப் பாதியில் விட்டு எழுந்து போனேன். அளவுக் கருவியின் குடுவையில் மருந்து அப்படியே இருந்தது. ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் மேசையில் இரண்டு டப்பா நிற்கின்றன, இரண்டிலும் துண்டு மருந்து. குடுவையில் இருப்பது எதிலிருந்து ஊற்றியது என்று எவ்வளவு யோசித்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏறக்குறைய அரை பவுண்டு. அத்தனையையும் அப்புறப்படுத்தினேன். இப்போதெல்லாம் மேசைமேல் ஒரே ஒரு டப்பாதான் இருக்கும். ஊற்றும்போதே மருந்தின் பெயரை ஒட்டுத்தாளில் எழுதிக் குடுவையில் ஒட்டிவிடுகிறேன், எழுந்திருக்கும் முன் மிச்சத்தை அந்த டப்பாவிலேயே திருப்பிக் கொட்டிவிடுகிறேன்.