மரணசாதனம் எழுதுமுன் காணிப் பத்திரத்தைப் பாருங்கள்

வன்னியில் அநேகமான குடும்பங்களுக்குப் பிள்ளைகளுக்கு விட்டுப்போக இருப்பது வளவும் வயலும்தான். அதை மரணசாதனமாக (உயிலாக) எழுதிவைப்பதில் நடக்கும் முதல் பிழை, கையில் இருப்பது உறுதியா (சொந்தக் காணிக்கான பத்திரம்) பேமிற்றா (அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம்) என்று பார்க்காமலே நொத்தாரிசிடம் ஓடுவது.

வட்டக்கச்சி, உருத்திரபுரம், முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேமிற்றாகவோ அளிப்புப் பத்திரமாகவோ அரசால் கொடுக்கப்பட்டவை. இவற்றுக்குச் சாதாரண மரணசாதனத்தை மட்டும் நம்பக்கூடாது. "வயல் கடைசி மகளுக்கு" என்று எவ்வளவு வடிவாக எழுதினாலும் காசு வீணாகலாம். பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பின்னுரித்தாளரை, அதாவது உங்களுக்குப் பின் காணியைப் பெறுகிறவரை, நியமிப்பதுதான் பாதுகாப்பான வழி. அந்த நியமனமும் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டும். கையெழுத்து வைத்த படிவம் பெட்டிக்குள் கிடந்தால் செல்லாது.

நியமிக்காமல் விட்டால்? கணவனோ மனைவியோ இருந்தால் காணி முதலில் அவருக்குப் போகும், ஆனால் 6 மாதத்துக்குள் அவர் காணியைப் பொறுப்பேற்க வேண்டும். அவரும் இல்லையென்றால் சட்டத்தின் வரிசைப்படி மூத்த பிள்ளைக்கு. முன்பு ஆண்பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. 2022இல் வந்த திருத்தம் அதை நீக்கியது. அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்தது இளையவள் என்பதைச் சட்டம் கேட்காது.

உறுதிக் காணி என்றால் மரணசாதனம் எழுதலாம். அதிலும் ஒரு பொறி உண்டு. தேசவழமைக்கு (வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்) உட்பட்டவர்களுக்குக் கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கியது தேடியதேட்டம். ஒருவர் இறந்தால் பாதி மற்றவருக்குரியது. ஆகவே கணவன் முழுவதையும் மகனுக்கு எழுதினாலும் போவது அவருடைய பாதிதான். சீதனக் காணி மனைவியுடையது. அதை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், ஆனால் அதை மரணசாதனத்தில் எழுத அந்தச் சம்மதம் தேவையில்லை. இது தெரியாமல், "அவர் சம்மதிக்கமாட்டார்" என்று பேசாமல் இருந்துவிடுகிற அம்மாக்கள் உண்டு.

சாட்சி விஷயத்திலும் கவனம். நொத்தாரிசு முன் எழுதினால் 2 சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லாமலும் எழுதலாம். அப்போது 5 சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். இன்றைக்கு இரண்டு பேர், நாளைக்குக் கோயிலில் மூன்று பேர் என்று சேர்த்தால் சரிவராது. சொத்துப் பெறுகிறவரையும் அவருடைய கணவன் அல்லது மனைவியையும் சாட்சியாக வைக்க வேண்டாம். மரணசாதனம் எழுதிய பிறகு கலியாணம் செய்தால் பழையது ரத்தாகிவிடும், புதிதாக எழுதுங்கள்.

மரணசாதனத்தை நிறைவேற்றுகிறவராகக் கனடாவில் இருக்கும் மூத்த மகனைப் போடுவது ஒரு மரியாதைதான். ஆனால் மாவட்ட நீதிமன்றத்துக்கு அலையப்போகிறவர் யார்? ஊரில் இருக்கிற, நாலு பேரோடு கதைத்து வேலை முடிக்கத் தெரிந்த ஒருவரைப் போடுங்கள்.

கணவர் காணாமற்போன வீடுகளில் பேமிற் இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கும். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்கள் 2016இல் வந்த சட்டத்தின்படி அவர் காணாமற்போனவர் என்ற சான்றிதழைப் பெறலாம். ஒன்றுமே எடுக்காமல் விட்டால் பிள்ளைகள் வளர்ந்தபின் சிக்கல் இரட்டிப்பாகும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம். வருமானம் குறைந்தவர்கள் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மற்றவர்கள் நொத்தாரிசின் கட்டணத்தை முதலே பேசிக்கொள்ளுங்கள். இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கப் பாருங்கள். கையில் இருப்பதைப் போனில் படம் எடுத்து, ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். அடையாள அட்டையிலும் உறுதியிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.