ஹைடா தலையணி: ஒரு கண் வரைந்து தொடங்குவோம்

கனடாவின் மேற்குக் கரையோரம் இருக்கும் ஹைடா குவாய் தீவுகளில், ஹைடா என்ற பழங்குடி மக்களின் தலைவர்கள் சடங்கு நடனத்துக்கு ஒரு தலையணி அணிவார்கள். அதன் உயிரே நெற்றிக்கு மேல் நிற்கும் சின்ன மரப்பலகைதான். அதில் செதுக்கிய முகம், சுற்றிலும் மின்னும் அபலோனி சிப்பித் துண்டுகள். உச்சியில் கடல் சிங்கத்தின் மீசை மயிர்களை வேலி மாதிரி நட்டு, உள்ளே கழுகின் மென்தூவியை நிரப்புவார்கள். ஆடுபவர் தலையை அசைக்க அசைக்க, தூவி பறந்துபோய், கூடியிருப்பவர்கள் மேல் இறங்கும். சமாதானம், நல்வரவு என்று அதற்குப் பொருள். இப்படிப்பட்ட சடங்குகளை கனடா அரசு 1885 முதல் 1951 வரை தடை செய்திருந்தது என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

பலகை செதுக்கப் பல வருடப் பழக்கம் வேண்டும். கண்ணை மட்டும் இன்றைக்கே வரைந்து பார்க்கலாம்.

சுமார் 10 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரமுள்ள அட்டையை இடவலமாக இரண்டாக மடியுங்கள். மடிப்பிலிருந்து பாதி வடிவத்தை வரையுங்கள்: மேல்கோடு லேசாக வளைந்து ஏறட்டும், மூலை உருண்டு திரும்பட்டும், அடிக்கோடு நடுவில் கொஞ்சம் உள்ளே குழியட்டும். வெட்டி விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். இதற்குப் பெயர் ஓவாய்டு. அந்தக் காலக் கலைஞர்களும் தேவதாரு மரப்பட்டையில் இப்படி அச்சு வெட்டி வைத்திருந்தார்கள்.

அச்சைத் தாளில் வைத்து ஓரம் வரையுங்கள். சரி, இனிதான் கவனம் வேண்டும். கோடு ஒரே தடிமனாக ஓடக்கூடாது. மேலே தடித்து, பக்கங்களில் மெலிந்து, அடியில் இன்னும் மெலிய வேண்டும். உள்ளே சின்ன ஓவாய்டு ஒன்று போடுங்கள். நட்ட நடுவில் வேண்டாம், சற்று மேலே தள்ளி இருக்கட்டும். பார்வை வருவது அங்கேதான்.

உருவத்தைத் தாங்கும் முதன்மைக் கோட்டுக்குக் கறுப்பு, உள்ளே விவரம் சேர்க்கும் இரண்டாம் நிலைக் கோடுகளுக்குச் சிவப்பு, மிச்ச இடங்களில் சிலவற்றுக்கு நீலப்பச்சை. முன்பு சால்மன் முட்டையை மரப்பட்டையோடு மென்று, அந்தச் சாற்றில்தான் வண்ணப்பொடியைக் குழைத்தார்கள்.

ஒரு வேண்டுகோள். ஹைடா மக்களில் காகம், கழுகு என்ற இரண்டு பெரும் பிரிவுகளுக்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமான சின்னங்கள் உண்டு. அவற்றைப் பார்த்து வரைந்து விற்காதீர்கள். இந்தக் கண்ணையே பத்துப் பதினைந்து முறை போடுங்கள், கை பழகும்.