சமக்குறி நேராக நிற்க: லேடெக்கில் சமன்பாடுகளை அடுக்கும்போது நேரும் தவறுகள்

பல படிகள் கொண்ட ஒரு கணக்கை வாசிப்பவரின் கண், சமக்குறிகளைப் பிடித்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. அவை ஒரே நேர்க்கோட்டில் நின்றால் எந்தப் படியில் என்ன மாறியது என்பது பார்த்தவுடன் தெரியும். கோணல்மாணலாக நின்றால் ஒவ்வொரு வரியிலும் சமக்குறியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே கணக்குக்குள் நுழைய முடியும். வேல்ஸ் நாட்டவரான ராபர்ட் ரெக்கார்டு 1557இல் இந்தக் குறியை அறிமுகப்படுத்தியபோது, சம நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறெதுவும் இருக்க முடியாது என்று காரணம் சொன்னார். அவ்வளவு எண்ணி வரையப்பட்ட குறியை அச்சில் இடம் தவறி நிற்க விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கணித அச்சு அழகு கெட்டுப்போனதைப் பொறுக்க முடியாமல் உருவானதுதான் டெக் மென்பொருளும். 1977இல் கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத், கணினி நிரலாக்கக் கலை பற்றிய தமது நூலின் இரண்டாம் தொகுதியை மறுபதிப்புக்குக் கொடுத்திருந்தார். வந்த மெய்ப்பைப் பார்த்து மனம் நொந்தவர், கணிதத்தை ஒழுங்காக அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தாமே எழுதத் தொடங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியதுதான் லேடெக். சமன்பாடுகளை அடுக்குவதற்கு இன்று நாம் நம்பியிருக்கும் ஏஎம்எஸ்மேத் தொகுப்பு, அமெரிக்கக் கணிதவியல் சங்கத்தின் முயற்சியில் வந்தது. (கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

தவறுகளுக்குப் போகும் முன் ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. டெக் ஒவ்வொரு குறியையும் வகை பிரித்து வைத்திருக்கிறது. எண்ணும் மாறியும் சாதாரணக் குறிகள். கூட்டலும் கழித்தலும் இரண்டை இணைக்கும் செயலிகள். சமக்குறியும் சமனிலிக் குறிகளும் உறவுக் குறிகள். எழுத்தளவை 18 பங்காகப் பிரித்தால், செயலியின் இருபுறமும் 4 பங்கும் உறவுக் குறியின் இருபுறமும் 5 பங்கும் இடம் விடப்படும். ஆக, எங்கே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது மென்பொருளுக்குத் தெரியும். எந்தக் குறி எந்தப் பணியைச் செய்கிறது என்பதை அதனிடமிருந்து நாம் மறைத்துவிடும்போதுதான் வரிகள் கோணுகின்றன. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவற்றின் வேர் இதுதான்.

மிகவும் பரவலான தவறு, கண்ணளவில் இடைவெளி போட்டுத் தள்ளுவது. கணிதப் பகுதிக்குள் இடைவெளிப் பட்டையைத் தட்டினால் டெக் அதைக் கண்டுகொள்ளாது. உடனே குவாட், ஹெச்ஸ்பேஸ் போன்ற கட்டளைகளை வரிசையாக அடுக்கிச் சமக்குறியை நகர்த்துகிறார்கள். அன்றைக்குத் திரையில் நேராகத்தான் தெரியும். வழிகாட்டியான பேராசிரியர் எழுத்தளவை 12 ஆக்கச் சொன்னாலோ, இதழ் ஆசிரியர் வேறு எழுத்துருவுக்கு மாற்றினாலோ எல்லாம் கலைந்துவிடும். ஏஎம்எஸ்மேத் தரும் அலைன் சூழலில் (சூழல் என்பது ஒரு தொடக்கக் கட்டளைக்கும் முடிவுக் கட்டளைக்கும் நடுவே வரும் பகுதி) இப்படி எழுதினால் அந்தக் கவலையே இல்லை:

(50-3)(50+3) &= 50^2 - 3^2 \\
&= 2500 - 9 \\
&= 2491

& என்ற குறி, எல்லா வரிகளும் எங்கே ஒன்றுசேர வேண்டும் என்பதைச் சொல்கிறது. \\ வரியை முடிக்கிறது. எழுத்துரு மாறினாலும் பக்க அகலம் மாறினாலும் சமக்குறிகள் ஒன்றின் கீழ் ஒன்றாகவே நிற்கும்.

இந்த & குறியைச் சமக்குறிக்கு முன்னால் வைக்க வேண்டும், பின்னால் அல்ல. =& என்று எழுதினாலும் குறிகள் நேராக நிற்பதால் பலர் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. ஆனால் அப்படி எழுதும்போது சமக்குறி, & பிரித்துவைக்கும் தன் கட்டத்தின் கடைசியில் தனித்து நின்றுவிடுகிறது. அதற்கு வலப்பக்கத்தில் எதுவும் இருப்பதாக டெக்குக்குத் தெரியாததால் அந்த 5 பங்கு இடைவெளி விழாது; வலப்பக்க எண் சமக்குறியோடு ஒட்டிக்கொள்ளும். &= என்று எழுதினால் ஏஎம்எஸ்மேத் வலக்கட்டத்தின் தொடக்கத்தில் ஒரு வெற்று உறுப்பைத் தானாகச் சேர்த்து, இரண்டு பக்க இடைவெளியையும் சரிசெய்துவிடுகிறது.

அடுத்தது, சமன்பாடுகளை அடுக்கும் பழைய சூழலான ஈக்யூஎன்அரே. பழைய கையேடுகளில் இருந்து கைமாறிக் கைமாறி இன்றும் ஆய்வேடுகளில் வந்துகொண்டிருக்கிறது. இதை ஒரேயடியாக விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். அது சமக்குறியைத் தனி நெடுவரிசையாகக் கருதி, இயல்பான அமைப்பில் அதன் இருபுறமும் 10 புள்ளி (பாயின்ட் என்ற அச்சளவு) இடம் விடுகிறது. 10 புள்ளி எழுத்தில் சமக்குறிக்குரிய சரியான இடம் ஏறத்தாழ 2.8 புள்ளிதான். ஒரே பக்கத்தில் ஒரு சமன்பாட்டைச் சாதாரணமாகவும் இன்னொன்றை ஈக்யூஎன்அரேயிலும் எழுதிப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு நூலிலிருந்து வெட்டி ஒட்டியவை போல இருக்கும். இன்னொரு கேடு இதைவிட மோசமானது. சமன்பாடு நீளமாக இருந்தால் வரிசை எண் அதன் மீதே அச்சாகிவிடும். அலைன் அப்படிச் செய்யாது. இடம் போதாவிட்டால் எண்ணைக் கீழே இறக்கிவிடும்.

ஈக்யூஎன்அரேயிலிருந்து அலைனுக்கு மாறுபவர்கள் சூழலின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே &=& என்பதை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. அலைனில் நெடுவரிசைகள் இணை இணையாக வரும்: வல ஒட்டு, இட ஒட்டு, மறுபடி வல ஒட்டு. இரண்டாவது & புதிய இணையைத் தொடங்கிவிடுவதால் வலப்பக்கம் முழுவதும் சமக்குறியை விட்டு வெகுதூரம் தள்ளிப் போகும். இரண்டாவது & குறியை நீக்கினால் போதும். இதே அமைப்பை நல்ல விதமாகவும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் காரணம் எழுத விரும்பினால், வரியின் முடிவில் && போட்டு எழுதுங்கள்; காரணங்களும் ஒரே கோட்டில் தொடங்கும்.

நீளமான வலப்பக்கத்தை உடைப்பதில்தான் நுணுக்கம் அதிகம். பத்திக்குள் ஓடும் சமன்பாடு உடையும்போது கூட்டல் குறி வரியின் முடிவில் நிற்கும். தனியாகக் காட்டும் சமன்பாட்டை உடைக்கும்போது கூட்டல் குறி புதிய வரியின் தொடக்கத்துக்கு வர வேண்டும். கனூத்தும் எடுத்துச் சொன்ன இந்த மரபைக் கணித இதழ்கள் பலவும் பின்பற்றுகின்றன. புதிய வரி கூட்டல் குறியில் தொடங்கினால், இது முந்தைய வரியின் தொடர்ச்சி என்று வாசகருக்கு உடனே விளங்கும். அந்தக் கூட்டல் குறி சமக்குறிக்கு நேர் கீழே நிற்கக் கூடாது, சற்று வலப்புறம் தள்ளி நிற்க வேண்டும். நேர் கீழே நின்றால் இரண்டும் ஒரே தகுதியுடையவை என்று கண் ஏமாந்துவிடும். & குறிக்குப் பிறகு ஒரு குவாட் போட்டுவிட்டுக் கூட்டல் குறியைத் தொடங்குங்கள். இங்கே குவாட் போடுவது கண்ணளவில் தள்ளுவது ஆகாது; எழுத்தளவுக்கு ஏற்ப மாறும் உள்தள்ளல் அது.

இன்னும் துல்லியம் வேண்டும் என்பவர்கள், கண்ணுக்குத் தெரியாமல் இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஃபேன்டம் கட்டளைக்குள் ஒரு சமக்குறியை வைப்பார்கள். நல்ல உத்திதான். ஆனால் ஃபேன்டத்துக்குள் போன சமக்குறி தன் வகையை இழந்து சாதாரணக் குறியாகிவிடுகிறது. அதற்குரிய பக்க இடைவெளியும் போய்விடும். மேத்ரெல் கட்டளையால் அதைச் சுற்றி, மீண்டும் உறவுக் குறியாக்க வேண்டும். அப்படிச் செய்தால் இன்னொரு சிக்கல் முளைக்கும். உறவுக் குறியை அடுத்து நேரடியாக வரும் கூட்டல் குறியை டெக், எண்ணின் முன்னொட்டாக, அதாவது +5 என்பதில் வருவது போன்றதாக, எடுத்துக்கொண்டு எண்ணோடு ஒட்டிவிடும். நடுவே {} என்ற வெற்று அடைப்பைப் போட்டால் அது மீண்டும் செயலியாகும். கழித்தல் குறிக்கும் இதே விதிதான்.

பெரிய அடைப்புக்குறி ஒன்று முதல் வரியில் திறந்து இரண்டாம் வரியில் மூடினால் லெஃப்ட், ரைட் கட்டளைகள் உதவாது. அவை இரண்டும் ஒரே கட்டத்துக்குள் இருந்தாக வேண்டும்; நடுவில் & வந்தாலோ \\ வந்தாலோ பிழைச் செய்திதான் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத ஜோடியைச் சேர்த்து இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டு வரிகளின் உள்ளடக்கமும் வெவ்வேறு உயரத்தில் இருந்தால் திறக்கும் குறி பெரியதாகவும் மூடும் குறி சிறியதாகவும் வந்துவிடும். பிக் வகைக் கட்டளைகளில் ஒன்றைத் தேர்ந்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவைக் கொடுப்பதே மேல்.

தமிழில் கணிதம் எழுதுபவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. கணிதப் பகுதிக்குள் ‘எனில்’, ‘ஆகவே’ போன்ற சொற்களை நேரடியாகத் தட்டிவிடுகிறார்கள். தமிழ் எழுத்துருக்களை ஏற்கும் லேடெக் வகைகளான ஸீலேடெக், லுவாலேடெக் ஆகியவற்றில் கணிதப் பகுதிக்குத் தனி எழுத்துரு. அதில் தமிழ் எழுத்துகள் இருப்பதில்லை. கோப்பு பிழையின்றி ஓடி முடியும், பக்கத்தில் சொல் மட்டும் காணாமல் போயிருக்கும். எழுத்து இல்லை என்ற தகவல் பதிவுக் கோப்பின் மூலையில் ஒரு வரியாகக் கிடக்கும், அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சொற்களை டெக்ஸ்ட் கட்டளைக்குள் வையுங்கள். அது சுற்றியுள்ள உரையின் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். சொல்லுக்கு முன்னும் பின்னும் தேவையான இடைவெளியையும் அந்த அடைப்புக்குள்ளேயே தட்ட வேண்டும்; வெளியே தட்டினால் மறைந்துவிடும். எழுத்துருவை அறிவிக்கும்போது தமிழ் எழுத்துமுறை என்று குறிப்பிடவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கெ, கொ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி விழலாம்.

நிபந்தனைக்கேற்ப மாறும் மதிப்புகளை ஒரு பெரிய அடைப்புக்குறியின் பக்கத்தில் வரிசையாகக் காட்டும் கேசஸ் சூழலில் நிபந்தனைகளை அடுக்கும்போதும் தமிழுக்கென்று ஒரு கவனம் தேவை. நம் வாக்கியத்தில் ‘எனில்’ நிபந்தனையின் முடிவில்தான் வரும். அதனால் அந்தச் சொற்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்காது. அதில் குறை ஒன்றும் இல்லை. நிபந்தனைகளின் தொடக்கம் நேராக இருந்தால் போதும். ‘எனில்’ என்பதையும் நேராக்க மூன்றாவது நெடுவரிசை தேடுகிறார்கள். கேசஸ் இரண்டு நெடுவரிசைகளுக்கு மேல் ஏற்காது. வேறு வழியில் நேராக்கினாலும் நடுவில் ஓட்டை விழுந்த பட்டியலாகத்தான் தெரியும்.

படிகளுக்கு நடுவே ஒரு வாக்கியம் எழுத அலைனை மூடிவிட்டு மறுபடி திறந்தால், இரண்டு பகுதிகளின் சமக்குறிகளும் வெவ்வேறு இடத்தில் நிற்கும். இன்டர்டெக்ஸ்ட் கட்டளை வாக்கியத்தை நடுவில் விட்டு நேர்வரிசையைக் காப்பாற்றும்.

எண்ணிடுவதில் சில சிறிய சறுக்கல்கள். கடைசி வரிக்குப் பின்னும் \\ போட்டால் கீழே வெற்று வரி ஒன்று தோன்றி அதற்கும் ஓர் எண் விழும். அலைன் ஒவ்வொரு வரிக்கும் எண் தரும். முழுக் கணக்குக்கும் ஒரே எண் போதும் என்றால் ஈக்வேஷன் சூழலுக்குள் ஸ்பிளிட்டைப் பயன்படுத்துங்கள். ஒரு வரிக்கு மட்டும் வேண்டாம் என்றால் நோடேக். சமன்பாட்டைப் பிறகு சுட்டுவதற்குப் பெயரிடும் லேபிள் கட்டளை \\ குறிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வந்தால் அடுத்த வரிக்குப் போய்விடும். ‘சமன்பாடு (7)’ என்று கையால் எண்ணைத் தட்டாமல் ஈக்யூரெஃப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். நடுவில் ஒரு சமன்பாடு சேர்ந்தாலும் எண்கள் தானே திருந்திக்கொள்ளும்.

அலைனுக்குள் வெற்று வரி விட்டால், சூழல் முடியும் முன்பே பத்தி முடிந்துவிட்டது என்ற பொருளில் பிழை வரும். சமன்பாட்டுக்கு முன்னால் விடும் வெற்று வரி பிழை காட்டாது. ஆனால் சமன்பாட்டை அதன் வாக்கியத்திலிருந்து பிரித்து, மேலே தேவையற்ற இடம் விட்டுவிடும். தனிச் சமன்பாட்டுக்கு $$ போடுவது பழைய டெக் வழக்கம். லேடெக்கில் அது இட ஒட்டு அமைப்புக்குக் கட்டுப்படாது என்பதால் \[ \] என்ற சதுர அடைப்புக் கட்டளையே சரி.

நேர்படுத்தவே கூடாத இடங்களும் உண்டு. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்காத மூன்று வாய்ப்பாடுகளை அலைனில் போட்டுச் சமக்குறிகளை வரிசைப்படுத்தினால், அவற்றுக்குள் தொடர்பு இருப்பதாக வாசகர் நினைக்கக்கூடும். அங்கே, வரிகளை நேர்படுத்தாமல் நடுவில் அடுக்கும் கேதர் சூழல் போதும். அதுபோல, முதல் வரியின் இடப்பக்கம் அரை வரி நீளம் என்றால், அதற்காக எல்லாச் சமக்குறிகளும் பக்கத்தின் வலக்கோடிக்குப் போய் நெருக்கியடித்து நிற்கும். இடப்பக்கத்தைத் தனி வரியில் வைத்துவிட்டு, அடுத்த வரியில் உள்ளே தள்ளிச் சமக்குறியைத் தொடங்கினால் பக்கம் மூச்சுவிடும். ஒரே ஒரு நீளச் சமன்பாட்டை இரண்டு மூன்று வரிகளில் இறக்க வேண்டுமென்றால் மல்ட்லைன் இருக்கிறது. அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘மல்ட்’ என்பதை அடுத்து ‘ஐ’ எழுத்து கிடையாது. அதைச் சேர்த்து எழுதிவிட்டு, அப்படியொரு சூழலே இல்லை என்ற செய்தியோடு நெடுநேரம் போராடுபவர்கள் பலர்.

வேர்டு மென்பொருளில் எழுதுபவர்களுக்கும் இதே கொள்கைதான். ஒவ்வொரு படியையும் என்டர் தட்டித் தனிப் பத்தியாக்கினால் அவற்றை ஒன்றுசேர்க்க முடியாது. ஷிஃப்ட்டோடு என்டர் தட்டி ஒரே சமன்பாட்டுத் தொகுதியாக வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்தால், சமக்குறியில் நேர்படுத்தும் வசதி பட்டியலில் வரும்.

கடைசியாக, பக்க உடைவு. இயல்பாக அலைன் இரண்டு பக்கங்களில் பிரியாது. நீளமான கணக்கு அப்படியே அடுத்த பக்கத்துக்குத் தாவி, முந்தைய பக்கத்தில் பாதி வெறுமையாகக் கிடக்கும். கோப்பின் முன்னுரைப் பகுதியில் (உரை தொடங்கும் முன் வரும் அமைப்புப் பகுதி) அலௌடிஸ்பிளேபிரேக்ஸ் கட்டளையைச் சேர்த்தால் படிகளுக்கு நடுவே பக்கம் பிரிய அனுமதி கிடைக்கும். ஆனால் ஸ்பிளிட் எந்த நிலையிலும் பிரியாது என்பதால் பக்க நீளக் கணக்குகளை அதற்குள் வைக்காதீர்கள். அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை ஆவண வகையில் டிராஃப்ட் என்று சேர்த்து ஓட்டுங்கள். ஓரத்தைத் தாண்டி நீண்ட வரிகள் கறுப்புப் பட்டையோடு தெரியும். எந்தச் சமன்பாட்டை இன்னும் உடைக்க வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.